இடது காலும் ஒன்பது கல்லும்

பிளாஸ்டரை வெட்டி எடுத்த அன்று என் இடது காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொடை சூம்பி, தோல் செதில் செதிலாக உரிந்து, வலது காலுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய காலையோ கொண்டுவந்து வைத்த மாதிரி கிடந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார் டாக்டர். எழுந்து நிற்கச் சொன்னார், நின்றேன். நடக்கச் சொன்னார், நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மூன்றே மூன்று படியில் இறங்கியபோதுதான் இடது முழங்கால் திடீரென்று மடிந்துகொண்டது. அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்திராவிட்டால் மறுபடி உள்ளே போயிருப்பேன்.

"கூடிருச்சுன்னு சொன்னாங்களே?" என்றார் அம்மா.

எனக்கும் அதே சந்தேகம்தான்.

காலை உடைத்தது ஒற்றைச் சக்கர சைக்கிள். பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் ஒரு சீசன் முழுக்கத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதை எங்கள் மலைப் பாதைகளில் ஓட்டித் திரிந்தார். பாதை காட்டப் போன எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார். ஊருக்குப் போகும்போது பெட்டிக்குள் அடங்கவில்லை என்று என்னிடமே கொடுத்துவிட்டார். தடித்த டயர், ஒரு சீட், இரண்டு பெடல். செயின் இல்லை, பிரேக் இல்லை. பெடல் நேராகச் சக்கரத்தின் நடுவில் பூட்டியிருக்கும். சக்கரம் சுற்றினால் காலும் சுற்றியே ஆக வேண்டும். சரிவில் சக்கரம் ஓடப் பார்க்கும். அதைக் காலாலேயே அமுக்கி அமுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைப் பழக எனக்கு ஒரு வருடம் போனது.

"சேர், மத்த சக்கரத்த எங்க போட்டீங்க?" என்று கேட்காத ஆள் எங்கள் தோட்டத்து டிவிசனில் இல்லை.

நோர்வூட்டிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியர். அதனால் எல்லோருக்கும் சேர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவன் நான். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார், அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். நாங்கள் குடியிருக்கும் லயம் மேலே, பள்ளிக்கூடம் கீழே. லயத்துக்கும் மேலே தண்ணீர்த் தாங்கி. தாங்கியடியிலிருந்து ரோடு வரைக்கும் தேயிலைக்குள்ளால் மூன்று வளைவு போட்டு ஒரு கல் பாதை இறங்குகிறது. அந்தப் பாதை முழுவதையும் ஒற்றைச் சக்கரத்தில் இறங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு வளைவைத் தாண்டி, மூன்றாவது வளைவில் குறுக்கே வெட்டி மழைத் தண்ணீரைக் கொண்டுபோகும் காணுக்குள் விழுந்துதான் கால் போனது. பிளாஸ்டரோடு படுத்துக் கிடந்த நாளெல்லாம் ஒரே யோசனை: இனிமேல் இந்தக் காலால் அந்தப் பாதையை இறங்க முடியுமா, முடியாதா?

ஹட்டன் பஸ் ஏறிப் போய் பிசியோதெரபி மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி பேசுவார், தம்பி என்பதற்கு மல்லி என்பார். "மல்லி, தொடைச் சதை கரைஞ்சு போச்சு. தெனமும் படி ஏறணும்" என்றார். படியில் ஏறும் மனிதனின் படம் போட்ட ஒரு பேப்பரையும் தந்தார். வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். காலில் அடிபட்ட ஒற்றைச் சக்கரக்காரர்கள் கொஞ்ச நாள் சக்கரத்தைத் தொடாமல் வேறு பயிற்சிகள் செய்து காலைத் தேற்ற வேண்டும் என்று ஒரு முழுத் திட்டமே இருந்தது. நீந்துங்கள் என்றது. மஸ்கெலியா அணைத் தண்ணீரில் நான் இறங்கினால் பிறகு எந்தப் பயிற்சியும் தேவைப்படாது. ஜிம்மில் காலால் தள்ளும் மெஷின் என்றது. பனிச்சறுக்கு என்றது. வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம் ஓய்வு என்றது. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஓய்வையும் கட்டாயம்னு எழுதி வச்சிருக்கானா? எந்தத் தோட்டத்துலடா அது?" என்று கேட்டுவிட்டு மாவைப் பிசைந்தார்.

மிஞ்சியது படிதான். எங்கள் கோயிலுக்கு நூற்றுச் சொச்சம் படி. ஒரு மாதம் காலையும் மாலையும் ஏறினேன். இறங்கும்போது கைப்பிடிக் கம்பியில் பாரத்தைக் கொடுத்து, வலது காலாலேயே இறங்கினேன். தையல் தைக்கும் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரரிடம் டேப்பை வாங்கி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொடையைச் சுற்றி அளந்தேன். இடது தொடை ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. சந்தோஷமாக இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது முழங்கால் பழையபடி மடிந்தது.

இதுதான் எனக்கு விளங்கவேயில்லை. ஏறும்போது கல் மாதிரி நிற்கிற கால், இறங்கும்போது ஏன் துணி மாதிரி மடிகிறது? அதே கால், அதே மலை. பயத்தில் நான் பாதையில் பின்பக்கமாக இறங்கப் பழகினேன். மலையைப் பார்த்துக்கொண்டு, பேக்கை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு வைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். எட்டாம் வகுப்பு முழுக்க கேட்டில் நின்று வேடிக்கை பார்க்கும். "சேர் ரிவர்ஸ்ல வர்றாரு, வழி விடுங்கடா!"

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டுப் பாதையோரம் உட்கார்ந்திருந்தார். கை மணிக்கட்டு பிசகியிருந்தது. மேல் மலையில் எடுக்கும் கொழுந்தையெல்லாம் பாதை வழியே சுமந்து இறக்கி, ரோட்டோரத்து மடுவத்தில் நிறுக்கக் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கடைசி நிறுவைக்கு நேரமாகியிருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சாக்கைத் தூக்கித் தோளில் போட்டேன்.

"ஐயோ சேர், வேணாம், கீழ வைங்க!"

"கொஞ்சத் தூரம்தானக்கா."

தோளில் சுமையோடு பின்பக்கமாக இறங்க முடியாது. முன்பக்கமாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. முழங்கால் மடியப் போவது தெரிந்தது. அதனால் ஒவ்வொரு அடியையும் மெல்ல, பிடித்துப் பிடித்து வைத்தேன். எனக்கு முன்னால் போன பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, பாரத்தை அதிலேயே நிறுத்தி, அடுத்த அடி. இத்தனை வருடம் தினமும் பார்த்த நடைதான். பார்த்திருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை இடது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு மாதம் படி ஏறியும் ஒருநாளும் வலிக்காத ஓர் இடம் வலித்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து அந்த இடத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஏறுவதற்கு ஒரு பலம், இறங்குவதற்கு வேறு பலமா? சக்கரத்தைச் சரிவில் பின்னுக்குப் பிடிப்பதும் இந்த இடம்தானே? நான் ஒரு மாதமாகத் தப்பான பக்கம் நடந்துகொண்டிருந்தேனா?

அன்று மாலையும் போய் அக்காவிடம் சாக்கைக் கேட்டேன். அதற்கு மறுநாளும். பிறகு வேறு ஒருவரின் சாக்கு. ஒரு வாரம் ஆவதற்குள் முழங்கால் மடிவது குறைந்தது. நான் முன்பக்கமாகவே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மடுவத்தில் கங்காணி சிரித்தார். "என்னாங்க சேர், பேர் பதிஞ்சிருவமா? காலைல பெரட்டுக்கு வந்துருங்க, கண்டாக்கையாகிட்ட நானே சொல்றேன்." தோட்டத்தில் பேர் பதிவது என்றால் தொழிலாளியாகச் சேர்வது; காலைப் பெரட்டில் வரிசையில் நின்று, கண்டாக்கையா பிரித்துக் கொடுக்கும் வேலைக்குப் போவது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தராசுக்குப் பக்கத்தில் நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு இரண்டு நாளில் செய்தியாகிவிட்டது. சேருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை போய்விட்டதாம். கால் ஊனமென்று நிறுத்திவிட்டார்களாம். பேர் பதிந்தாகிவிட்டதாம். நான் சாக்கைக் கேட்டுக் கையை நீட்டியபோது அக்கா தரவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சேர். எம் மக நேத்து கேக்குறா, 'சேரே கொழுந்து தூக்குறாரு, நான் எதுக்கும்மா ஓ.எல். எழுதணும்'னு. நான் என்னா சொல்ல?"

"எக்சசைஸ்தானக்கா. காலுக்கு."

"எனக்குத் தெரியுது சேர். அதுக்குத் தெரியலயே."

வீட்டில் அம்மா அதைவிடக் கறாராகப் பேசினார். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்தச் சக்கரத்துல ஏறு. நான் வேணாங்கல. திரும்ப விழு, திரும்ப எலும்ப ஒடச்சுக்க, நான் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டாறேன். சாக்க மட்டும் தொடாத."

"சாக்குலதானம்மா கால் நல்லாகுது."

"தொடாதன்னா தொடாத."

காலை உடைத்ததை ஏறு என்கிறார், காலைத் தேற்றுவதைத் தொடாதே என்கிறார். அம்மா முப்பது வருடம் இறக்கிய பாரத்தை நான் ஒரு வாரம் இறக்கினால் என்ன கெட்டுப்போகும்? கெட்டுப்போகும் என்றும் தெரிந்தது. எது என்றுதான் சொல்லத் தெரியவில்லை. படித்தவன் நான்தானே, எனக்குத்தானே அதற்கு ஒரு சொல் கிடைத்திருக்க வேண்டும்.

சாக்கைத் தொடவில்லை. பள்ளிக்கூட பேக்கிலிருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு, மதகுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்ததில் ஆறு கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டேன். அம்மா வாசல் இஸ்தோப்பில் நின்று பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"கல்லுன்னா பரவால்ல" என்றார்.

"ரெண்டும் பாரம்தானம்மா!"

"கொழுந்துன்னா நிறுக்குறதுக்குன்னு ஒருத்தன் நிப்பான். ஒங் கல்ல எவன்டா நிறுக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தினமும் மாலையில் தாங்கியடி வரை மெதுவாக ஏறுவேன். அங்கே ஒரு மரத்தடியில் முனியாண்டி சாமி, மூன்று கல்லும் ஒரு சூலமுமாக இருக்கிறார். மூச்சு வாங்க அங்கேதான் உட்காருவேன். பிறகு கல்லோடு, அடி மேல் அடி வைத்து, ரோடு வரை இறங்குவேன். இதில் ஒருவர் எதைத் தப்பாக எடுத்துக்கொள்ள முடியும்? ஒரு வாரம் போனபின் பார்த்தால், மலையில் நிற்கும் பெண்கள் நான் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள். பாதையை விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். அக்கா வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"எத்தன நாளைக்கு சேர் நேர்த்தி?"

"நேர்த்தியா? நேர்த்தியெல்லாம் இல்லக்கா! இது கால்ல சதை வைக்க..."

"சரி சரி, சொல்லாதீங்க. சொன்னா பலிக்காது."

அதற்குப் பிறகு நான் இல்லை இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அது இன்னும் உறுதியானது. கல் சுமந்து முனியாண்டிக்கு நேர்ந்திருக்கிறேன், கால் வந்ததும் சக்கரத்தில் இறங்கி முடிப்பேன் என்று நாளும் முறையும் கூட அவர்களே வைத்துவிட்டார்கள். ஒரு வகையில் அது பொய்யும் இல்லை. நான் கல் சுமந்தேன், கால் வர வேண்டும் என்று நினைத்தேன், சக்கரத்தில் இறங்கத்தான் போகிறேன். எந்த இடத்தில் இது நேர்த்தி இல்லை என்று என்னாலேயே காட்ட முடியவில்லை.

பிறகு அக்கா ஒரு சின்னக் கல்லைச் சேலைத் தலைப்பிலிருந்து எடுத்தார். கழுவி மஞ்சள் தடவியிருந்தது. "மகளோட ஓ.எல்.லுக்கு. நீங்க சுமக்குறதோட சேத்து இதயும் கொஞ்சம்..." நான் வாங்கலாமா கூடாதா என்று நின்றேன். அதற்குள் அவரே பேக் சிப்பைத் திறந்து போட்டுவிட்டார். அடுத்த வாரம் இன்னொருவர், மகன் கட்டாரிலிருந்து நல்லபடி வர வேண்டும் என்று. அதற்கடுத்து வேதக்காரப் பெண் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "எங்க மாதாவுக்குன்னு நெனச்சுக் குடுத்தா, உங்க சாமி ஒன்னும் சொல்லாதே?"

"அவரு என்னா சொல்லப் போறாரு, தூக்குறது சேருதானே" என்று பதில் சொன்னது அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நேர்த்தி விஷயத்தில் அவர்கள் சிரிக்கிறார்கள், நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.

போன் திட்டத்தில் ஒவ்வொரு வாரமும் பாரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று இருந்தது. நான் மறந்துவிட்டேன், அவர்கள் கூட்டினார்கள். ஒன்பது கல்லில் வந்து நின்றது. டேப்பில் இரண்டு தொடைக்கும் வித்தியாசம் நூலளவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாருக்கும் சொல்லாமல் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தாங்கியடிக்குப் போனேன். விழுந்தால் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். மரத்தடியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர். நான் டயருக்குக் காற்றடித்ததை யாரோ முதல்நாள் பார்த்திருக்கிறார்கள். அம்மாவும் இருந்தார். ஒன்பது கல்லையும் எடுத்துவரச் சொல்லி முனியாண்டி பக்கத்தில் அடுக்க வைத்தார்கள்.

"இங்க பாருங்க," என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில். "நான் விழுந்தா, அது என் கால் சரியில்ல. அவ்வளவுதான். உங்க பிள்ளைங்களுக்கு ஒன்னும் ஆகாது."

"நீங்க ஏறுங்க சேர், வெயில் வருது" என்றார் அக்கா.

மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முதல் வளைவு வரைக்கும் எனக்குக் காலே ஞாபகமில்லை. கல்லெல்லாம் ஈரம். சக்கரம் ஓடப் பார்த்தது, தொடை பிடித்தது, மறுபடி ஓடப் பார்த்தது, மறுபடி பிடித்தது. கொழுந்துச் சாக்கோடு இறங்குகிற அதே பிடி. இரண்டாவது வளைவில் வலது பக்கம் சாய்ந்து எப்படியோ நிமிர்ந்தேன். பின்னாலே எல்லோரும் குறுக்குப் பாதையில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. மூன்றாவது வளைவு வந்தது. காண் தெரிந்தது. கண்ணால் அதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். சக்கரம் அதன் விளிம்பில் தட்டியது. நான் முன்னால் எறியப்பட்டேன்.

இடது காலில் வந்து நின்றேன்.

முழு உடம்பும் அந்த ஒரு காலில், முழங்கால் கொஞ்சம் வளைந்த நிலையில், பாரத்தை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றது. மடங்கவில்லை. நான் கீழே குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரம் தேயிலைக்குள் கிடந்தது.

குறுக்குப் பாதையால் வந்து சேர்ந்தவர்களுக்குள் உடனே வழக்கு தொடங்கிவிட்டது. கால் தரையில் பட்டுவிட்டது, அதனால் செல்லாது என்றார் ஒருவர். விழவில்லையே, நின்றாரே, அதனால் செல்லும் என்றார் இன்னொருவர். மாதாவுக்குக் கல் கொடுத்தவர், மேலே போய் முதலிலிருந்து வர வேண்டுமா என்று கேட்டார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எந்தக் கால்ல நின்ன?"

"இடது கால்லம்மா."

அம்மா என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். தேயிலைக்குள் போய் சக்கரத்தை இழுத்து எடுத்துக்கொண்டு வந்து நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். அது எனக்கு உத்தரவா, சம்மதமா என்று தெரியவில்லை. அவர் தோளில் கைவைத்து ஏறினேன். அவர் கை விட்டதும் சக்கரம் உருண்டது.

மிச்சப் பாதை நீளமில்லை, ஆனால் செங்குத்து. தொடை எரிந்தது. ஓரிடத்தில் இடது காலா வலது காலா பிடிக்கிறது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரோட்டில் வந்து இறங்கியபோது அங்கே யாரும் இல்லை. எல்லோரும் மேலே மூன்றாவது வளைவில் நின்றார்கள். பாதையின் கடைசித் துண்டு அங்கிருந்து தெரியாது. "சேர், போய்ச் சேந்துட்டீங்களா?" என்று யாரோ கூவினார்கள். மூச்சு வாங்கியதில் எனக்குச் சத்தம் வரவில்லை. மேலே தெரியட்டும் என்று ரோட்டு நடுவரை வந்து கையை உயர்த்தினேன்.

பொகவந்தலாவையிலிருந்து வந்த பஸ் பிரேக் போட்டு நின்றது. கண்டக்டர் கதவில் தொங்கியபடி என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏறுங்க ஏறுங்க! அத மடியில வச்சுக்கங்க."

"இல்லண்ணே, நான் வரல."

"அப்ப எதுக்குக் கைய காட்டுனீங்க?"

எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மணியை அடித்துவிட்டார்.